தானம், பிச்சை, நன்கொடை: ஆடிட்டர் சாரிடம் கேளுங்கள்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் பல வருடம் அறக்கட்டளைக் கணக்குகளைத் தணிக்கை செய்தவர் பதில் சொல்கிறார்.

மீனாட்சிபுரம்: பஸ் ஸ்டாண்டில் கை நீட்டுகிறவர் நிஜமாகவே இல்லாதவரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது சார்?

கண்டுபிடிக்க முடியாது. பத்து ரூபாய்க்கு விசாரணைக் கமிஷன் வைக்காதீர்கள். மனசிருந்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் "இல்லீங்க" என்று முகம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். தனக்காகக் கேட்பவரிடம் எனக்குக் கேள்வியே இல்லை. பிறர் பெயரைச் சொல்லிக் கேட்பவர்தான் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்.

வாளையார்: ரயிலில் முதியோர் இல்லத்துக்கு என்று ரசீதுப் புத்தகத்தோடு ஒருவர் வந்தார். 3,000 ரொக்கமாகக் கொடுத்துவிட்டேன். வரிச்சலுகை உண்டா?

இல்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்குச் சலுகை கிடையாது. முன்பு 10,000 வரை விட்டிருந்தார்கள், 2017 பட்ஜெட்டில் குறைத்தார்கள். புதிய வரிமுறைக்குப் போயிருந்தால் ரொக்கம், செக் எதற்கும் கிடையாது. பழைய முறையிலும் பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குக் கொடுத்ததில் பாதிதான் கழியும், அதற்கும் வருமானத்தையொட்டி ஒரு வரம்பு இருக்கிறது.

வரியை விடுங்கள். ரசீதுப் புத்தகம் எந்த அச்சகத்திலும் அடித்துத் தருவார்கள். அதில் அறக்கட்டளையின் பான் எண்ணும் 80ஜி (நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் பிரிவு) அனுமதி எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வருமான வரித் துறையின் தளத்தில் தேடிச் சரிபாருங்கள். நிஜமான அறக்கட்டளை உங்கள் பேரையும் தொகையையும் துறைக்குத் தாக்கல் செய்து, பிறகு உங்களுக்குச் சான்றிதழ் அனுப்பும். அது வராவிட்டால் அந்த ரசீது வெறும் காகிதம். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்!

கொல்லங்கோடு: கைக்குழந்தையோடு வந்தால் மனசு கேட்கவில்லையே?

காசு வேண்டாம், குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். குழந்தையைப் பிச்சைக்கு இறக்குபவருக்கு 2015 சிறார் நீதிச் சட்டத்தில் ஐந்தாண்டு வரை சிறை, ஒரு லட்சம் அபராதம்.

கோவிந்தாபுரம்: குடிக்கத்தான் போகிறார் என்று தெரிந்தும் கொடுக்கலாமா?

நம் பக்கத்துச் சித்தூர்த் தோப்புக் கள் கேரளம் முழுக்கப் போகிறது. அதை இறக்குகிறவருக்கும் ஏற்றுகிறவருக்கும் கூலி கொடுக்கும்போது "இதை எங்கே செலவழிப்பாய்" என்று கேட்கிறோமா?

அதே கோவிந்தாபுரம்: கூலி உழைப்புக்குக் கொடுப்பது சார். இது சும்மா கொடுப்பது. இரண்டும் ஒன்றா?

ஒன்றில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொடுத்த பிறகு அந்தக் காசு அவருடையது. கையை விட்டுப் போனதை மேய்த்துக்கொண்டே இருந்தால் அது தானமா, கடனா?

வடகரப்பதி: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும் அண்ணா. என் வீட்டுக்காரர் குடித்தே படுத்தவர். காசு கொடுத்தவங்க எல்லாம் புண்ணியவான்கள், நானும் பிள்ளைகளும்தான் அனுபவிச்சோம்.

இதற்கு என்னிடம் மறுப்பில்லை அம்மா. தெரிந்த ஆள், அவர் வீட்டு நிலையும் தெரியும் என்றால் காசு கொடுக்கக் கூடாது. சோறு வாங்கிக் கொடுக்கலாம், அரிசியை வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். நான் சொன்னது முகம் தெரியாதவரைப் பற்றி மட்டும்.

கோவிந்தாபுரம்: அப்போ நான் சொன்னதுதானே சரி?

பாதி.

நல்லேப்பிள்ளி: கோயில் உண்டியலில் போட்டால் புண்ணியமா, வாசலில் உட்கார்ந்திருப்பவருக்குப் போட்டால் புண்ணியமா?

சித்திரகுப்தன் கணக்கை நான் தணிக்கை செய்ததில்லை. குருக்களைக் கேளுங்கள்.

எருத்தேம்பதி: அநாதை இல்லத்துக்கு என்று ரசீதோடு வீட்டுக்கு வந்தார்கள், ரொக்கமாக…

வாளையார்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். இதே கேள்வி இன்னும் நான்கு பேரிடமிருந்து வந்திருக்கிறது, அவர்களும் அங்கேயே போகலாம். ரொக்கம் வேண்டாம்.

புதுநகரம்: நோயாளியின் படம் கட்டி, மைக் வைத்த வண்டியில் சிகிச்சைக்கு வசூல் செய்கிறார்கள். நம்பலாமா?

வண்டியை நம்ப வேண்டாம், வங்கிக் கணக்கைப் பாருங்கள். நம் பக்கத்தில் ஒழுங்காக நடக்கிற சிகிச்சை நிதிகளில் வார்டு உறுப்பினரை வைத்துக் கமிட்டி போட்டு, கூட்டுக் கணக்குத் திறப்பார்கள். பணம் நல்லபடியாக வந்து சேர்ந்தாலும் கணக்கு முடிவதில்லை. 2021-இல் கண்ணூர் மாவட்டத்தில் ஒரு குழந்தைக்கு 18 கோடி ரூபாய் மருந்துக்காகக் கேட்டார்கள், சில நாளிலேயே 46 கோடிக்கு மேல் சேர்ந்தது. மிச்சத்தை அதே நோயுள்ள மற்றக் குழந்தைகளுக்கு என்று கமிட்டி அறிவித்தது. மிச்சம் என்ன ஆகும் என்று வசூலிக்கும்போதே சொல்லாத வண்டியை நான் அனுப்பிவிடுவேன். நோட்டீஸில் ஒரு தனி ஆளின் ஜிபே நம்பர் மட்டும் இருந்தால், ஆஸ்பத்திரிப் பெயரையும் நோயாளியின் பதிவு எண்ணையும் கேளுங்கள். ஆஸ்பத்திரியின் பில்லிங் கவுன்டருக்கு நீங்களே போன் செய்து, அந்த எண்ணில் நேராகக் கட்ட முடியுமா என்று விசாரித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.