புது இன்ஜின், பழைய ப்ரொப்பெல்லர்: 2300லயே மூச்சு முட்டுது

படகு, இன்ஜின் பற்றி வாசகர்கள் கேட்டதும் நம்ம பதிலும்

கேள்வி: வணக்கம் அண்ணா. 28 அடி பாய்மரப் படகு ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கி புதுச்சேரி தேங்காய்த்திட்டுல கட்டி வச்சிருக்கேன். தண்ணிக்கோட்டுல நீளம் 24 அடி. பழைய டீசல் இன்ஜின் 2500 ஆர்பிஎம் ஓடுற ரகம், கியர்பாக்ஸ் 2க்கு 1. அது போயிடுச்சுன்னு 20 ஹெச்பி, 3600 ஆர்பிஎம் இன்ஜின் புதுசா போட்டேன், கூட வந்த கியர்பாக்ஸும் 2க்கு 1தான். ப்ரொப்பெல்லர் மட்டும் பழசு, மூணு இலை, 15க்கு 11 (விட்டம் 15 இன்ச், பிட்ச் 11 இன்ச்). இப்ப ஃபுல் த்ராட்டில் கொடுத்தாலும் 2300 தாண்ட மாட்டேங்குது, பின்னாடி கரும்புகை, பத்து நிமிஷத்துல சூடு ஏறுது. டீசல் பம்பைக் கழட்டி செட் பண்ணணும்னு மெக்கானிக் சொல்றார். பண்ணிடலாமா?
– வைத்திக்குப்பம் வாசகர்

பதில்: தம்பி, பம்புல யாரையும் கை வைக்க விடாதீங்க. நீங்க எழுதுன நம்பரைப் பார்த்தா இன்ஜின் மேல தப்பு இருக்கற மாதிரி தெரியல, அதால சுத்த முடியாத ப்ரொப்பெல்லரை அது தலையில கட்டியிருக்கீங்க. பம்பைத் திருப்பி டீசலைக் கூட்டினா இன்னும் கொஞ்சம் சுத்தும், ஆனா புகையும் கூடும், சூடும் கூடும், ஒரு சீசன்ல வால்வும் பிஸ்டனும் கேள்விக்குறி ஆயிடும்.

கணக்கைப் பாருங்க. பழைய இன்ஜின் 2500ல ஓடுனப்ப 2க்கு 1 கியரால ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் அதுல பாதி, 1250 சுத்துச்சு. இப்ப 3600 ஓடணும்னா அதே கியர்ல ஷாஃப்ட் 1800 சுத்தணும். 11 இன்ச் பிட்ச்னா ஒரு சுத்துக்கு 11 இன்ச் முன்னாடி போகப் பார்க்கும்னு அர்த்தம், மரத்துல ஸ்க்ரூ ஏறுற மாதிரி. ஷாஃப்ட் ஆர்பிஎம்மை பிட்ச்சால பெருக்கி 1215ஆல வகுத்தா நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்குல வேகம் வரும். 1250க்கு 11.3 நாட், 1800க்கு 16.3 நாட். தண்ணி மரம் இல்லையே, வழுக்கும், இந்த சைஸ் பாய்மரப் படகுக்கு 45 சதவீதம் வழுக்கல்னு வச்சுக்கலாம். அப்ப பழைய செட்டுக்கு 6.2 நாட், சரியா இருந்திருக்கு. புது செட்டுக்கு 9 நாட் வருது. உங்க படகு 9 நாட் போகவே போகாது! 24 அடியோட வர்க்கமூலம் 4.9, அதை 1.34ஆல பெருக்குனா 6.5 நாட்டுக்குக் கொஞ்சம் மேல, அதான் அந்த உடம்போட எல்லை. போக முடியாத வேகத்துக்கு இன்ஜின் இழுக்குது, இழுக்க முடியாம 2300ல நிக்குது, எரியாத டீசல் கரும்புகையா வெளிய வருது.

சரி, எது வேணும்? 6.5 நாட்டை 1215ஆல பெருக்கி, 1800ஆலயும் 0.55ஆலயும் வகுங்க, 8 இன்ச் பிட்ச் வரும். இந்த ஹெச்பிக்கும் சுத்துக்கும் விட்டம் 13 இன்ச் கிட்ட வரும். ஆக 2க்கு 1 கியரை வச்சுக்கிட்டா 13க்கு 8 புதுசா வாங்கணும், பழசை அடிச்சுத் திருத்தி அங்க கொண்டு வர முடியாது.

ஆனா நான் உங்க இடத்துல இருந்தா வேற மாதிரி செய்வேன். இன்ஜின் இன்னும் புதுசுதான், டீலர்கிட்ட பேசி கியர்பாக்ஸை 2.6க்கு 1ஆ மாத்திக் கேளுங்க. அப்ப ஷாஃப்ட் 1385தான் சுத்தும், பிட்ச் 10 இன்ச் கிட்ட வருது, விட்டமும் 15 கிட்ட வந்துடுது, அதாவது உங்க பழைய ப்ரொப்பெல்லரே, பிட்ச் மட்டும் ஒரு இன்ச் குறைச்சா போதும். ஒரு இன்ச் பிட்ச் குறைச்சா சுமார் 200 ஆர்பிஎம் கூடும், ஒரு இன்ச் விட்டத்துக்கு அதுல ரெண்டு மடங்குன்னு கணக்கு, அதனால அந்த ஒரு இன்ச் சாதாரணம் இல்ல. ப்ரொப்பெல்லர் பட்டறையில சூடு பண்ணித் திருகி பேலன்ஸ் பார்த்துக் கொடுப்பாங்க, ஒரு இன்ச் ரெண்டு இன்ச் வரைக்கும் தாங்கும்.

இதை நான் விடாப்பிடியா சொல்றதுக்குக் காரணம் அரியாங்குப்பம் முகத்துவாரம். மணல் மேடு தட்டி அலை உடையற இடத்துல வத்தத்துக்கு (கடல் வத்தி தண்ணி வெளிய ஓடறதுக்கு) எதிரா உள்ள வரும்போது சின்ன ப்ரொப்பெல்லர் வேகமா சுத்தி தண்ணியைக் கலக்கும், படகு நின்ன இடத்துல நிக்கும், பெருசா மெதுவா சுத்தறதுதான் நிறைய தண்ணியைப் பிடிச்சுத் தள்ளும். ஐப்பசி கார்த்திகையில வெளிய மாட்டிக்கிட்டவங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். பாய் விரிச்சுப் போறப்ப பெரிய ப்ரொப்பெல்லர் கொஞ்சம் இழுக்கும்தான், இருந்தாலும் அரை நாட் போறதை விட கரை சேர்றது எனக்குப் பெருசு.

காசு போடறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க. படகை மேல ஏத்தி அடியையும் இலையையும் சுரண்டுங்க, தேங்காய்த்திட்டுல கட்டிப்போட்ட படகுல கொட்டலசு (ஓட்டோட ஒட்டிக்கிற சின்ன கடல் உயிர்) எவ்வளவு சீக்கிரம் பிடிக்கும்னு உங்களுக்கே தெரியும், இலையில அரை இன்ச் கொட்டலசு இருந்தா எந்தக் கணக்கும் நிக்காது. அப்புறம் ஆர்பிஎம் மீட்டர். ஆல்டர்னேட்டர்ல இருந்து வர்ற மீட்டர் பெல்ட் வழுக்கினா பொய் சொல்லும், புல்லியில ஸ்டிக்கர் ஒட்டி லைட் அடிச்சுப் பார்க்கிற டேக்கோமீட்டரால ஒருதடவை ஒப்பிட்டுப் பாருங்க. மூணாவது டீசல் ஃபில்டர். நியூட்ரல்ல 3600 தாண்டுதேன்னு நம்பிடாதீங்க, அடைப்பு லோடுல மட்டும்தான் காட்டும்.

சோதனையை ஜெட்டியில கட்டிப்போட்டுப் பண்ண வேணாம், நிக்கற படகுல ஆர்பிஎம் குறைவாத்தான் காட்டும். நல்ல ஆழத்துல, அலை இல்லாத காலையில, டேங்க் நிறைய வச்சு ஓட்டுங்க. ஃபுல் த்ராட்டில்ல 3600ஐத் தொட்டா சரி. 3300ல நின்னா பிட்ச் கூட. பாதி த்ராட்டில்லயே எகிறிப்போச்சுன்னா பிட்ச் பத்தல.

ப்ரொப்பெல்லரைக் கழட்டுனதும் நடுக் கொண்டையை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ங்க, பச்சை போனா வெட்டின எழுத்து தெரியும், 15க்கு 11, பக்கத்துல ஆர்ஹெச்சா (ரைட் ஹேண்ட், வலச்சுத்து) எல்ஹெச்சான்னு (லெஃப்ட் ஹேண்ட், இடச்சுத்து) இருக்கும். பின்னாடி நின்னு பார்த்தா முன்கியர்ல கடிகாரச் சுத்து சுத்தினா ஆர்ஹெச். கியர்பாக்ஸ் மாத்தினா இந்தச் சுத்து மாற வாய்ப்பிருக்கு, கட்டாயம் பாருங்க. நான் கடலூர் முதுநகர்ல வேலை பார்த்தப்ப இதைக் கேக்காம ஆர்டர் பண்ணி, வந்த உருப்படி எல்ஹெச், படகு முன்கியர்ல பின்னாடி போச்சு, திருப்பி எடுத்துக்க மாட்டோம்னுட்டாங்க, ஓனர் முகத்தைப் பார்க்க முடியல.

மாட்டும்போது ஷாஃப்ட் டேப்பர்ல (கூம்பா சரியுற முனையில) ப்ரஷ்யன் ப்ளூங்கற நீலப் பசையைத் தடவி, சாவி (ஷாஃப்டையும் கொண்டையையும் சேர்த்துப் பூட்டுற சின்ன உலோகக் கட்டை) இல்லாம ப்ரொப்பெல்லரை ஏத்தி இறக்கிப் பாருங்க, நீலம் சுத்தி ஒரே மாதிரி ஒட்டணும், ஏறுன இடத்துல பென்சில் கோடு போட்டுக்கோங்க. அப்புறம் சாவி போட்டு ஏத்தினா அதே கோட்டுக்கு வரணும். வரலைன்னா கொண்டை சாவி மேல உட்கார்ந்திருக்கு, சாவியைத் தேய்ங்க, ப்ரொப்பெல்லரைத் தேய்க்காதீங்க. இலை நுனிக்கும் படகு அடிக்கும் நடுவுல ரெண்டேகால் இன்ச்சாவது இருக்கணும்.

கேள்வி: ரிவர்ஸ் போட்டா படகு பின்பக்கம் இடது பக்கமா ஓடுது. சுக்கான் கோணலா?
– கடலூர் முதுநகர் வாசகர்

பதில்: சுக்கான் சரியாத்தான் இருக்கும்ங்க. ஆர்ஹெச் ப்ரொப்பெல்லர் ரிவர்ஸ்ல பின்பக்கத்தை இடது பக்கம் இழுக்கும், அது அதோட குணம். அதைப் பயன்படுத்திக்கோங்க, இடது பக்கத்தைக் கரைக்குக் காட்டி லேசா சாய்வா வந்து ரிவர்ஸ் தட்டுனா பின்பக்கம் தானா ஜெட்டியை ஒட்டும்.

கேள்வி: பாய்ல ஓடும்போது கியரை நியூட்ரல்ல விடலாமா, ரிவர்ஸ்ல பூட்டணுமா?
– புதுச்சேரி வாசகர்

பதில்: கியர்பாக்ஸ் கூட வந்த புத்தகத்தைப் பாருங்க, சிலது ப்ரொப்பெல்லர் தானா சுத்தறதைத் தாங்கும், சிலதுக்கு ரிவர்ஸ்ல பூட்டச் சொல்லியிருப்பாங்க. முன்கியர்ல மட்டும் போட்டு விடாதீங்க. ரிவர்ஸ்ல பூட்டினீங்கன்னா, இன்ஜின் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி நியூட்ரலுக்கு எடுக்கணும்னு சாவி பக்கத்துல ஒரு சீட்டு ஒட்டி வைங்க.