பதில் போடாத சேர்

அன்புள்ள அக்கா,

நான் மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. முதல் நியமனத்தில் போனபோது அங்கே உப அதிபராக இருந்த சேர்தான் எனக்கு எல்லாம் சொல்லித் தந்தார். பாடக்குறிப்பைச் சிவப்புப் பேனாவால் திருத்த மாட்டார், பென்சிலால்தான். பிள்ளைகள் பார்த்துவிட்டால் எனக்கு வெட்கமாக இருக்குமாம். வெளிவாரிப் பட்டத்துக்குப் பதியச் சொன்னதும் அவர்தான். இப்போது ஹட்டன் பக்கம் மாற்றலாகிவிட்டார், அடுத்த வருடம் ஓய்வு. நான் அதிபர் சேவைப் போட்டிப் பரீட்சைக்குப் படிக்கிறேன். வட்ஸ்அப்பில் கேட்டால் பார்க்கிறார், பதில் போடுவதில்லை. கோல் எடுத்தால் "பிறகு பேசுறேன் மகள்" என்கிறார். நான் ஏதும் பிழை விட்டேனா? நேரில் போய்க் கேட்கட்டுமா? கடைசியாக அனுப்பிய மூன்று மெசேஜையும் இணைத்திருக்கிறேன்.

அன்புள்ள தங்கச்சி,

நேரில் போய் "ஏன் சேர் பேசுறதில்ல" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அவரால் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது.

மூன்று மெசேஜையும் வாசித்தேன். முதலாவதில் பழைய வினாத்தாளின் படம், விடை கேட்டு. இரண்டாவதில் விண்ணப்பத்தைப் பார்க்கச் சொல்லி. மூன்றாவது, "சேர் என்னை மறந்துட்டீங்க போல." கெட்ட எண்ணம் ஒன்றிலும் இல்லை. ஆனால் மூன்றும் அவரிடம் ஏதோ ஒன்றை வாங்க வந்தவை.

அவர் எந்தத் தலைமுறை என்று யோசித்துப் பாருங்கள். 1977இல் தொடங்கித் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் எடுத்த பிறகு மெல்ல மெல்ல நியமனம் பெற்றவர்கள் அவர்கள். பலர் சாதாரண தரமோ உயர்தரமோ முடித்த கையோடு வகுப்புக்குள் போய், பிறகுதான் பயிற்சிக் கலாசாலையைப் பார்த்தார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாருக்கு அடையாள அட்டை விண்ணப்பம் நிரப்ப வேண்டும் என்றாலும், சிங்களத்தில் வந்த கடிதத்தை வாசிக்க வேண்டும் என்றாலும் சேர் வீட்டுக்குத்தான் ஓடி வந்தார்கள். எல்லாவற்றுக்கும் விடை வைத்திருந்து பழகிய மனிதர். நீங்கள் எழுதப்போகும் பரீட்சையை அவர் எழுதியிருக்கிறாரா என்று கடிதத்தில் இல்லை. எழுதாதவராக இருந்தால், தான் வளர்த்த பிள்ளையிடம் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல அவருக்கு வாய் வராது. மெசேஜைப் பார்த்துவிட்டு ஃபோனை வைத்துவிடுவார். எனக்கு இதுதான் காரணமாகப் படுகிறது.

அடுத்த வருடம் ஓய்வு என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். ஓய்வூதியக் கோவைக்காகப் பழைய நியமனக் கடிதம், இடமாற்றக் கடிதம் எல்லாம் தேடி வலயக் கல்விப் பணிமனைக்கும் வீட்டுக்குமாக ஒருவர் அலைவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதோடு, காலையில் எழுந்து போக ஒரு பாடசாலை இல்லாத வாழ்க்கை வரப்போகிறது என்ற கலக்கம் வேறு. இந்த நேரத்தில் உங்கள் வினாத்தாள் அவருக்குப் பாரம், தங்கச்சி.

அதனால் பரீட்சையை அவரிடமிருந்து எடுத்துவிடுங்கள். கடந்த சில வருடங்களில் சித்தியடைந்த இளம் அதிபர்கள் உங்கள் வலயத்திலேயே இருப்பார்கள். கோட்டக் கூட்டத்துக்கு வரும்போது பிடித்துக் கேளுங்கள். அது சேருக்குச் செய்யும் துரோகம் இல்லை. அவர் உங்களுக்குக் கற்றுத் தந்தது ஒரு வகுப்பின் முன்னால் எப்படி நிற்பது என்று. அது பாடத்திட்டம் மாறினாலும் உங்களிடமே இருக்கும்.

சேருக்கு ஒன்றும் கேட்காத ஒரு மெசேஜ் போடுங்கள். இப்படி: "சேர், இந்த வருசம் வந்த புது மிஸ்ஸுக்கு நான் பென்சிலாலதான் பாடக்குறிப்பு திருத்திக் குடுக்கிறேன். ஓய்வூதிய வேலைக்கு ஃபோட்டோகொப்பி, டைப் ஏதும் இருந்தா என்கிட்ட அனுப்புங்க." உண்மையிலேயே திருத்திக் கொடுத்தால் மட்டும் முதல் வரியை எழுதுங்கள். இரண்டாவது வரியை எழுதினால், அனுப்புகிற நாளில் செய்து கொடுக்கவும் வேண்டும்.

அதற்கும் பதில் வராமல் போகலாம். அடுத்த மெசேஜைத் தைப்பொங்கலுக்குப் போடுங்கள், அதுவரை விடுங்கள். பிரியாவிடை விழாவுக்கு அழைப்பு வராவிட்டாலும் லீவு போட்டுப் போங்கள். அன்றைக்குப் பரீட்சைப் பேச்சு வேண்டாம்.