ஃபைபர் படகு மின்சாரத்தைக் கடத்தாதே, பிறகு மின்னலுக்கு ஏன் பயப்பட வேண்டும்? பெட்ரோல் கேனில் நிலைமின்சாரம் தீப்பிடிக்கும் என்பது உண்மையா?

கேட்டிருப்பது இரண்டு விஷயம். ஆனால் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது என்பதேதான் இங்கே சிக்கல். மின்னேற்றம் எங்கே சேர்ந்தாலும் தரைக்கோ கடலுக்கோ போகப் பார்க்கும். இரும்புக் கப்பலில் கப்பலின் உடம்பே அதற்கு வழி. ஃபைபர் படகில் அப்படி ஒரு வழி கிடையாது. அதனால் ஆள், இன்ஜின், ஈரக் கயிறு, பெட்ரோல் ஆவி என்று எது கிடைக்கிறதோ அதில் இறங்கும்.

இரண்டில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் மின்னல்தான் என்பதால் அதை முதலில் சொல்கிறேன்.

மின்னலை இரும்பு இழுக்கிறது, செல்போன் இழுக்கிறது என்பதெல்லாம் பேச்சு. அது உயரத்தைப் பார்க்கிறது. நடுக்கடலில் 30 அடி ஃபைபர் படகில் ஒருவர் நின்றால், சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை அவர் தலைதான் உயரம். ஒரு சராசரி மின்னலில் பாய்வது சுமார் 30,000 ஆம்பியர். அரை அங்குலக் கனமுள்ள ஃபைபர் சுவர் அதைத் தடுக்காது. வழி இல்லையென்றால் ஓட்டை போட்டுக்கொண்டு கடலுக்குப் போகும்.

தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் இதில் கூடுதல் வம்பு ஒன்று உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் கடலில் இருப்பது நாட்டுப்படகும் ஃபைபர் படகும்தான். கோடை இடி உச்சத்தில் இருப்பதும் அதே நாட்களில்தான். மதியத்துக்கு மேல் மேற்கே உள்நாட்டில் கட்டும் மேகம், சாயங்காலமோ இரவிலோ கரையைத் தாண்டிக் கடலுக்குள் வரும். ஆக, மின்னலைப் பார்த்துக் கரைக்கு விரட்டுகிறவர் பல நேரம் மேகத்தை நோக்கியே போகிறார். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது கணக்கு மாறும். அப்போது இரவிலும் விடியற்காலையிலும் கடல் பக்கத்திலிருந்தே இடி வரும்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே உள்ள விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 30 விநாடிக்குள் இடி கேட்டால் ஆபத்து வட்டத்துக்குள் இருக்கிறோம், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுக்க வேண்டும் என்பது பொதுவான விதி. ஆனால் இது ஓடிப்போய்க் கட்டடத்துக்குள் நுழைய முடிந்தவருக்கான விதி. சுமை ஏற்றிய ஃபைபர் படகு 9.9 குதிரைத்திறன் இன்ஜினில் மணிக்கு 12, 15 கிலோமீட்டர் போனாலே பெரிது. இடிமேகம் 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் வரக்கூடியது. பத்து கிலோமீட்டருக்குள் வந்த பிறகு எண்ணிப் பயனில்லை. மேகத்தின் தலை பட்டறைக்கல் போலப் பரந்து விரியும்போதே முடிவெடுக்க வேண்டும். திசைகாட்டியில் மேகத்தின் நடுப்பகுதி எந்தப் பாகையில் இருக்கிறது என்று குறித்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பாகை மாறாமல் மேகம் மட்டும் பெரிதானால் அது நேராக உங்களிடம் வருகிறது. கரை இருபது நிமிடத்துக்குள் என்றால் திரும்பலாம். இல்லையென்றால் அது வரும் பாதைக்குக் குறுக்கே, வடக்கோ தெற்கோ விலகுவது மேல்.

புறப்படும் முன் பார்க்க ‘தாமினி’ செயலி இருக்கிறது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் வெளியிட்டது. நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டர் வட்டத்தில் மின்னல் நிலவரத்தைக் காட்டும். வானிலைத் துறையின் மூன்று மணி நேர முன்னறிவிப்பையும் சேர்த்துப் பாருங்கள். கரையை விட்டுத் தள்ளிப் போனதும் சிக்னல் போய்விடும், அதனால் படகைத் தள்ளுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

சரி, மாட்டிக்கொண்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். முதலில் எல்லோரும் உயிர்காப்புச் சட்டை போட வேண்டும். பக்கத்தில் இறங்கும் மின்னலே ஆளை மயக்கிக் கடலில் தள்ளிவிடும், மயங்கியவரால் நீந்த முடியாது. செவுள் வலை கடலில் இருந்தால் இழுக்காதீர்கள். உப்புத் தண்ணீரில் ஊறிய நைலான் கயிறு நன்றாகவே கடத்தும், வலை இழுக்கும்போது ஆள் நின்றுகொண்டும் இருப்பார். ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்துக்கொண்டு மிதவையோடு கயிற்றை விட்டுவிடுங்கள். வலை லட்ச ரூபாய் என்பது தெரிந்துதான் சொல்கிறேன். கொடிக்கம்பு, தூண்டில் கழி, வயர்லெஸ் ஆண்டெனா எல்லாவற்றையும் படுக்கவைத்து, ஆண்டெனா வயரையும் பேட்டரி முனைகளையும் கழற்றுங்கள். கம்பி நுனியில் உஸ் என்ற சத்தம், நீல ஒளி, தலைமுடி சிலிர்ப்பு ஆகியவை தெரிந்தால் அதற்கெல்லாம் நேரமில்லை. அந்த விநாடியே கீழே உட்காருங்கள்.

உட்காருவது படகின் நடுவில், தாழ்வாக, கால் இரண்டையும் சேர்த்து, தார்ப்பாய் அல்லது காய்ந்த சாக்கு மேல். கையைத் தண்ணீரில் விடக்கூடாது. ஒரு கை இன்ஜினிலும் மறு கை வேறு இரும்பிலும் இருக்கவே கூடாது, ஏனென்றால் அந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது உங்கள் நெஞ்சு. பயத்தில் எல்லோரும் கட்டிக்கொண்டு உட்காருவது இயல்புதான், ஆனால் தள்ளித் தள்ளி உட்கார வேண்டும். ஒருவருக்கு அடித்தால் இன்னொருவர் முதலுதவி செய்யத் தெளிவாக இருக்க வேண்டுமே. கடல் கொந்தளித்து, அலைக்கு நேராகப் படகைப் பிடிக்க இன்ஜின் ஓடியே தீர வேண்டுமென்றால் பின்னால் ஒரே ஒருவர் போதும். கையடக்க வயர்லெஸ்ஸையும் செல்போனையும், சோறு கொண்டுவந்த அலுமினியப் பாத்திரம் இறுக்கமான மூடியோடு இருந்தால் அதற்குள் போட்டு மூடிவையுங்கள். பக்கத்தில் விழும் மின்னலின் அதிர்விலிருந்து தப்ப ஓரளவு வாய்ப்பு உண்டு.

இடிதாங்கி வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வைக்கலாம், ஆனால் அரைகுறையாக வைப்பதற்கு வைக்காமலே இருக்கலாம். கம்பத்தின் உச்சியிலிருந்து 45 பாகையில் கூம்பு வரைந்தால், அதற்குள் இருப்பது ஓரளவு பாதுகாப்பான இடம். 30 அடிப் படகின் நடுவில் 6 மீட்டர் அலுமினியக் குழாய் நட்டால், உட்கார்ந்திருப்பவர்கள் அணியம் (படகின் முன்முனை) முதல் பின்பக்கம் வரை அந்தக் கூம்புக்குள் வருவார்கள். அதன் அடியிலிருந்து கடலுக்கு 25 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் போக வேண்டும், 20க்குக் கீழே போகவே கூடாது. வயர் நேராகக் கீழே இறங்க வேண்டும். மடக்க வேண்டியிருந்தால் பெரிய வளைவாக மடக்குங்கள், முனை மடித்தால் மின்னல் அங்கே வயரை விட்டுத் தாவும். வயரின் முடிவில் குறைந்தது ஒரு சதுர அடிச் செப்புத் தகடு, 5 மில்லிமீட்டர் கனம், எப்போதும் தண்ணீருக்குள். நம் படகுகளை மணலில் இழுத்து ஏற்றுவதால் அடியில் பொருத்திய தகடு பிய்ந்துவிடும், பக்கவாட்டில் தொங்கவிடுவதே நடக்கும் காரியம்.

வழக்கமாகக் கெடும் இடங்கள் இரண்டு. வயருக்குப் பதிலாக நங்கூரச் சங்கிலியைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். கண்ணிகள் ஒன்றோடொன்று லேசாகத்தான் தொட்டிருக்கும், துரு வேறு, ஒவ்வொரு கண்ணியிலும் பொறி தெறிக்கும். அடுத்தது அலுமினியத்தில் செப்பை நேரடியாக முறுக்குவது. உப்புக் காற்றில் சில மாதத்தில் அந்த இணைப்பு வெள்ளைப் பொடியாகிவிடும். வெள்ளீயம் பூசிய லக் (வயர் முனையில் பொருத்தும் உலோக வளையம்) வைத்துத் துருப்பிடிக்காத போல்ட்டில் முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். கம்பத்திலிருந்தும் வயரிலிருந்தும் ஆட்கள் இரண்டு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இடி கேட்க ஆரம்பித்த பிறகு கம்பம் நடுவது தற்கொலை.

இனி நிலைமின்சாரம். மனித உடலில் 3,000 வோல்ட் ஏறுவது சாதாரணம், தொட்டால் சுள்ளென்று லேசாக உணர்வோம், அவ்வளவுதான். அந்தப் பொறியில் உள்ள ஆற்றல் அரை மில்லிஜூலுக்கு மேல். பெட்ரோல் ஆவி பற்ற கால் மில்லிஜூல் அளவே போதும். எனவே பயம் நியாயமானது. ஆனால் சிகரெட்டும், பேட்டரி முனையில் தெறிக்கும் பொறியும், சூடான இன்ஜின்மேல் சிந்தும் பெட்ரோலும் அதைவிட முன்னால் நிற்கின்றன. அவற்றை விட்டுவிட்டு நிலைமின்சாரத்தை மட்டும் பேசுவதில் அர்த்தமில்லை.

கடற்கரையில் ஈரக்காற்று இருப்பதால் நிலைமின்சாரம் வராது என்பது பாதி உண்மை. ஈரம் துணியிலும் தோலிலும் சேரும் மின்னேற்றத்தைக் கலைக்கும். பெட்ரோல் ஓடும்போது திரவத்துக்குள்ளேயே உண்டாகும் மின்னேற்றத்தை அது ஒன்றும் செய்யாது. போதாததற்கு கோடையில் தரைக்காற்று அடித்துக் கடற்காற்று தாமதமாகும் மதிய வேளையில் கரையும் காய்ந்துதான் கிடக்கும்.

மோசமான சேர்க்கை எது தெரியுமா? பிளாஸ்டிக் கேன், அதன் வாயில் எவர்சில்வர் புனல், புனலுக்குள் தண்ணீர் வடிகட்ட நைலான் துணி. துணியின் நுண்துளைகள் வழியே ஓடும்போது மின்னேற்றம் பலமடங்காகிறது. அது உலோகப் புனலில் சேர்கிறது. புனலோ பிளாஸ்டிக் கேன்மேல் தனியாக நிற்கிறது. கையையோ டேங்கின் உலோகத்தையோ நெருங்கும்போது, ஆவி கிளம்பும் வாயிலேயே பொறி விழும். பிளாஸ்டிக் கேனுக்குப் பிளாஸ்டிக் புனலே சரி. உலோக டின்னிலிருந்து உலோக டேங்குக்கு என்றால், மூடியைத் திறக்கும் முன்பே இரண்டையும் கிளிப் வைத்த செப்பு வயரால் இணைத்து, மூடிய பிறகு கழற்றுங்கள். குழாய் முனை டேங்கின் அடியைத் தொட்டிருக்கட்டும், உயரத்திலிருந்து கொட்டக்கூடாது. பங்க்கில் கேனை வண்டியில் வைத்தபடி நிரப்பாமல் தரையில் இறக்கி நிரப்புங்கள். இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு ஊற்றுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம் என்பதால், சிந்தினால் படகின் அடித்தளத்தில் தேங்கி நிற்கும், உடனே ஸ்டார்ட் செய்யக்கூடாது.

பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பெட்ரோல் இருந்த கேனில் மண்ணெண்ணெயை ஊற்றாதீர்கள். பெட்ரோல் கேனுக்குள் ஆவி அளவுக்கு மீறிச் செறிந்திருப்பதால் உள்ளே பற்றாது. பற்றும் வரம்பு காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம். மண்ணெண்ணெய் உள்ளே போனதும் அந்த ஆவியை உறிஞ்சி, செறிவை அந்த வரம்புக்குள்ளேயே இறக்கிவிடும். கூடவே மின்னேற்றத்தையும் கொண்டுவரும். கேன்களுக்கு வேறு வேறு நிறம் வைத்துக்கொள்ளுங்கள்.

மின்னல் அடித்தவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று யாரும் தயங்க வேண்டாம். அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. பலருக்கு அடிபட்டிருந்தால், முனகுகிறவரை விட்டுவிட்டு, மூச்சில்லாமல் கிடப்பவரை முதலில் பாருங்கள். மின்னலில் இதயம் பெரும்பாலும் தானாகத் திரும்பும், மூச்சுதான் நின்றே கிடக்கும். கெட்டியான பலகைமேல் படுக்கவைத்து, நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். 30 அழுத்தத்துக்கு இரண்டு முறை வாயோடு வாய் ஊதுங்கள். கரை வரும்வரை ஆள் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். வயர்லெஸ்ஸில் 16ஆம் சேனல், சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கரையில் தயாராக நிற்க 108.

படகுக்கு அடித்திருந்தால் ஆள் நலமாக இருந்தாலும் ஓட்டையைத் தேடுங்கள். ஃபைபருக்குள் ஊறியிருக்கும் ஈரம் நொடியில் ஆவியாகி, நீர்மட்டத்தை ஒட்டி ஊசித்துளைகள் போடும். மேலே கருகிய பொட்டு மட்டும்தான் தெரியும். இன்ஜின் பலகையின் உள்கட்டை பிளந்திருக்கலாம், தட்டினால் பொத்தென்று கேட்கும். திசைகாட்டி தவறாகக் காட்டக்கூடும், ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே திசை பிடியுங்கள். இன்ஜின் ஓடுகிறதே என்று மறுநாளே கடலுக்குக் கிளம்பாமல், படகைக் கரையேற்றி உள்ளே தண்ணீர் நிரப்பி வெளியே எங்கே கசிகிறது என்று பார்த்து, அடைத்த பிறகு போங்கள்.