காய்த்து ஓய்ந்த செடியை வெட்டினால் மறுபடி விளையுமா?

எல்லாச் செடியும் விளையாது, சில செடிகள் விளையும். அறுவடை முடிந்த செடியைப் பிடுங்கி எறியாமல், வெட்டிவிட்டு அதே அடிக்கட்டையிலிருந்து இன்னொரு விளைச்சல் எடுப்பதற்கு மறுதாம்பு என்று பெயர். கரும்பு விவசாயிகளுக்குப் பழகிய வேலை இது. சென்னை மொட்டைமாடித் தொட்டியிலும் நடக்கும்.

ஒவ்வொரு இலைக்காம்பின் கக்கத்திலும் ஒரு மொட்டு உறங்கிக் கிடக்கிறது. தண்டின் நுனியில் உருவாகிக் கீழே இறங்கும் ஆக்சின் என்ற சுரப்பு அதை எழவிடாது. நுனியை வெட்டினால் தடை நீங்கும். கீழ்வீட்டுக் குழாய் திறந்திருக்கும்வரை மாடிக்குத் தண்ணீர் ஏறாது, அதை மூடியதும் மேலே பீறிடுகிறதே, அதுபோலத்தான். வேர் ஏற்கெனவே ஊன்றியிருப்பதால், விதையிலிருந்து வரும் செடியைவிட இது வேகமாகத் தழைக்கும்.

அரைக்கீரையை மண்ணிலிருந்து நான்கு விரல் விட்டு அறுத்தால் பலமுறை பறிக்கலாம். முளைக்கீரையை வேரோடு பிடுங்குவதே வழக்கம். கத்தரியை அரை அடி உயரத்தில், கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக வெட்டித் தொழுவுரம் போடுங்கள். சில நாட்களில் பட்டையைக் கீறிக்கொண்டு அரிசி அளவு துளிர் தலைகாட்டும். ஆனால் கத்திரி வெயிலில் கத்தரியை வெட்டாதீர்கள். நிழலில்லாத கட்டை கருகிவிடும். பூச்சி அரித்த செடிக்கும் இந்த மெனக்கெடல் வீண்.

கேரட்டின் தலைப்பகுதியைத் தண்ணீரில் வைத்தால் புதுக் கேரட் கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். தழைதான் வரும், கிழங்கு வராது.