விலை இன்பொக்ஸில்

அன்புள்ள ஐயா,

என் அக்கா பன் என்ற புல்லில் பாய் இழைப்பதில் கெட்டிக்காரி. படம் எடுத்து பேஸ்புக்கில் போட்டேன். 300 லைக், விலை கேட்டு 40 கொமன்ட். விற்றது இரண்டே பாய். பெயர் தெரியாத திறமைக்கும் இணையத்தால் வழி பிறக்கும் என்று எழுதியிருந்தீர்கள். யூடியூப் தொடங்கினாலாவது காசு வருமா?

வாசகர் ஒருவர், களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தம்பி,

அந்த இரண்டு பாயையும் வாங்கியது யார்? சொந்தக்காரர் என்றால் சரி, விடுங்கள். முகம் தெரியாதவர் என்றால் அது பெரிய விசயம். இணையம் இல்லாவிட்டால் அவருக்கு உங்கள் அக்காவைத் தெரிந்திருக்காது.

மருதமுனைக் கைத்தறிச் சாரத்துக்கு ஊர்ப் பெயரே விளம்பரம். பேஸ்புக் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்தப் பெயரைச் சொல்லி வாங்கினார்கள். அக்காவின் பாய்க்கு அப்படியொரு பெயர் இன்னும் இல்லை. அதைத்தான் இணையத்தில் உண்டாக்கலாம் என்றேன்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். சிவப்பும் பச்சையும் கரையில் அழகாக ஓடுகின்றன. ஆனால் பாய் எத்தனை அடி என்று எங்கும் இல்லை. விலை கேட்டவர்களுக்கெல்லாம் 'இன்பொக்ஸ் பாருங்க' என்று பதில். கல்முனைச் சந்தையில் ஒருவர் விலையைக் காதுக்குள் சொன்னால் நீங்கள் வாங்குவீர்களா? ஆளுக்கொரு விலை சொல்கிறார் என்றுதானே நினைப்பீர்கள்! (எனக்கு இந்த இன்பொக்ஸ் வியாபாரத்தைக் கண்டாலே எரிச்சல்.)

யூடியூப் விளம்பரக் காசுக்கு 1000 சந்தாதாரர் வேண்டும்; அதோடு உங்கள் வீடியோக்களை 12 மாதத்துக்குள் மற்றவர்கள் 4000 மணிநேரம் பார்த்திருக்க வேண்டும். ஆள் ஒருவர் இரண்டு நிமிடம் பார்ப்பார் என்றால் 1,20,000 தடவை ஓட வேண்டும். ஷோர்ட்ஸ் என்ற குட்டி வீடியோக்களைப் பார்த்த நேரம் இந்தக் கணக்கில் சேராது; அதற்கு வேறு கணக்கு. யூடியூப்பில் காசு பார்ப்பது தனித் தொழில், தம்பி. பாய் விற்க அது வேண்டியதில்லை.

ஆனால் வீடியோ எடுங்கள். சாயம் கொதிக்கிற பானை, அதில் முக்கியெடுத்த பன், அக்காவின் விரல். பாட்டுப் போடாதீர்கள், இழைக்கிற சத்தமே போதும். கனடாவில் இருக்கும் மட்டக்களப்பாருக்கு அந்தச் சத்தம் கேட்டால் அம்மம்மா வீட்டுத் திண்ணை ஞாபகம் வரும். அப்புறம், பார்சலில் பாயைச் சுருட்டித்தான் அனுப்ப வேண்டும். மடித்தால் பன் முறிந்துவிடும். முறிந்த பாய் ஒன்று போய்ச் சேர்ந்தால் அதற்கும் ஒரு கொமன்ட் வரும்.

எனக்கும் ஒன்று வேண்டும், ஆறடிக்கு மூன்றடி. விலையை எனக்கு எழுதாதீர்கள். படத்துக்குக் கீழே போடுங்கள், அங்கே பார்த்துக்கொள்கிறேன்.