1966 மஸ்டாங்கை அமெரிக்காவிலிருந்து ஜெர்மனிக்குக் கொண்டுவந்து பதிவு செய்வது எப்படி?

கேள்வி: ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். அமெரிக்காவில் ஒரு 1966 ஃபோர்ட் மஸ்டாங் வாங்கி, இங்கே கொண்டுவந்து, முறைப்படி பதிவு செய்து ஓட்ட வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. நடக்கிற காரியமா? எங்கே செலவு இழுக்கும்?

நடக்கிற காரியம்தான். நானும் ஒரு 66 கூப்பே வைத்திருக்கிறேன், 289 கன அங்குல வி8 எஞ்சின், அரிசோனாவிலிருந்து வந்தது. எல்லாரும் கப்பலையும் ஜெர்மன் படிவங்களையும் நினைத்துத்தான் பயப்படுவார்கள், ஆனால் அதையெல்லாம் காசு கொடுத்தால் செய்துதர ஏஜென்ட் இருக்கிறார். உங்கள் பணம் கூடுவதும் குறைவதும் வேறு ஒரு விஷயத்தில்: கார் தொழிற்சாலையை விட்டு வந்த நிலையில் எவ்வளவு தூரம் அப்படியே இருக்கிறது என்பது. இதைச் சுங்கத்துறையும் கேட்கும், பிறகு சோதனை மையமும் கேட்கும், வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேரும் கேட்பது ஒரே விஷயமில்லை. அதனால் விற்பவருக்குப் பணம் அனுப்புவதற்கு முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும்.

முதலில் சுங்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்கப் பட்டியலில் 9705 என்று ஒரு தலைப்பு உண்டு, சேகரிப்புப் பொருட்களுக்கானது. கார் அதில் அடங்க வேண்டுமென்றால் குறைந்தது 30 வயது ஆகியிருக்க வேண்டும், அந்த மாதிரி இப்போது தயாரிப்பில் இருக்கக் கூடாது, சேசிஸ், பாடி, ஸ்டீயரிங், பிரேக், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. பழுது பார்த்தது, தேய்ந்த பாகத்தை மாற்றியது, பெயின்ட் அடித்துப் புதுப்பித்தது எல்லாம் பரவாயில்லை. நவீனப்படுத்தியிருந்தால்தான் சிக்கல். அடங்கிவிட்டால் சுங்கவரி கிடையாது, இறக்குமதியின் மேல் ஜெர்மனி வாங்கும் விற்பனை வரி 7% மட்டும். அடங்காவிட்டால் அது வெறும் பழைய கார், வழக்கமான கணக்கு 10% சுங்கவரி, அதையும் சேர்த்து அதன்மேல் 19%.

எண்களில் பார்த்தால்தான் உறைக்கும். கார் 25,000 யூரோ, கப்பல் செலவு 2,500 யூரோ என்று வைத்துக்கொள்வோம் (வரிக் கணக்கில் கப்பல் கூலியும் சேரும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்). சேகரிப்புப் பொருள் என்றால் 27,500-க்கு 7%, அதாவது 1,925 யூரோ, அவ்வளவுதான். சாதாரண கார் என்றால் 2,750 சுங்கவரி, பிறகு 30,250-க்கு 19%, அது ஒரு 5,747. மொத்தம் கிட்டத்தட்ட 8,500 யூரோ. அதே கார், அதே கப்பல், வித்தியாசம் ஆறாயிரத்து ஐந்நூறுக்கு மேல். வரி விகிதங்கள் மாறக்கூடியவை, எனவே கார் கிளம்பும் முன் இன்றைய நிலவரத்தைச் சுங்கத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகமான காராக இருந்தால் படங்களோடு எழுதி அனுப்பி, அவர்களைக் கட்டுப்படுத்தும் பதிலையே முன்கூட்டி வாங்கலாம், கொஞ்சம் நாள் எடுக்கும்.

இதனால்தான் சொல்கிறேன், அமெரிக்க விளம்பரங்களில் "ரெஸ்டோமாட்" என்று பெருமையாகப் போடும் கார்களைப் பார்த்து மயங்காதீர்கள். நவீன எஞ்சின், ஃபியூவல் இன்ஜெக்‌ஷன், புது சஸ்பென்ஷன், ஓட்டுவதற்கு அருமையாகத்தான் இருக்கும். அங்கே அதற்குத்தான் விலை அதிகம். இங்கே வந்தால் நீங்கள் அதிக விலை கொடுத்ததற்கு அதிக வரியும் கட்டி, அடுத்த கட்டத்திலும் அடிபடுவீர்கள்.

அந்த அடுத்த கட்டம்தான் ஹெச் பிளேட். 1997-இல் வந்த திட்டம். முதல் பதிவிலிருந்து 30 வருடம் ஆன கார், நல்ல பராமரிப்பில் இருந்தால், பழைய காருக்கான நிபுணர் அறிக்கை ஒன்று வாங்கி, நம்பரின் கடைசியில் ஹெச் என்ற எழுத்தோடு பதிவு செய்யலாம். ஆண்டு வரி எஞ்சின் எவ்வளவு பெரிதானாலும் 191.73 யூரோதான். ஹெச் இல்லையென்றால், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாத பழைய பெட்ரோல் காருக்கு ஒவ்வொரு 100 சிசிக்கும் 25.36 யூரோ. 289 எஞ்சின் சுமார் 4,730 சிசி, மேல்நோக்கி 48 என்று கணக்கிடுவார்கள், ஆக வருடத்துக்கு 1,217 யூரோ. அதோடு நகரங்களின் குறைந்த மாசு மண்டலங்களுக்குள் ஸ்டிக்கர் இல்லாமலே போகலாம் என்ற சலுகையும் ஹெச் காரர்களுக்கு உண்டு. ஹெச் கிடைக்காத மஸ்டாங்கை ஸ்டுட்கார்ட் மாதிரி ஊரில் வைத்துக்கொண்டு என்ன செய்வது, வீட்டு வாசலில் நிறுத்தி அழகு பார்க்கலாம்.

இரண்டு பேரும் வேறு வேறு கேட்கிறார்கள் என்றேனே, அதற்கு நல்ல உதாரணம் டிஸ்க் பிரேக். 66 மஸ்டாங்கில் பெரும்பாலும் நாலு பக்கமும் டிரம் பிரேக், மாஸ்டர் சிலிண்டரும் ஒரே சர்க்யூட், ஓர் இடத்தில் எண்ணெய் ஒழுகினால் மொத்த பிரேக்கும் போச்சு. இரட்டை சர்க்யூட் 1967-இல்தான் வந்தது. முன்னால் டிஸ்க் போட்டு, இரட்டை சர்க்யூட்டுக்கு மாற்றுவது ஆட்டோபானில் ஓட்டப் போகிறவருக்கு நல்ல புத்தி. அந்தக் காலத்திலேயே கிடைத்த மாற்றம் என்பதால் ஹெச் அறிக்கை எழுதுபவர் பொதுவாக ஏற்றுக்கொள்வார். சுங்கத்தின் பட்டியலிலோ பிரேக் என்ற சொல்லே இருக்கிறது. ஆக அந்த வேலையை அமெரிக்காவில் மலிவாக முடித்துவிட்டு அனுப்பலாம் என்று நினைக்காதீர்கள். கார் சுங்கத்தைத் தாண்டி வரட்டும், அப்புறம் இங்கே செய்யுங்கள்.

சரி, வாங்குவது. 1981-க்கு முந்தைய அமெரிக்க கார்களில் இப்போதைய 17 இலக்க சேசிஸ் எண் கிடையாது. 66 மஸ்டாங்கில் முதல் எழுத்து 6, அதாவது வருடம். அடுத்து தொழிற்சாலை: எஃப் என்றால் டியர்பார்ன், ஆர் என்றால் சான் ஹோசே, டி (T) என்றால் மெட்டச்சன். பிறகு பாடி வகை: 07 கூப்பே, 08 கன்வெர்ட்டிபிள் (கூரை திறப்பது), 09 ஃபாஸ்ட்பேக் (கூரை பின்பக்கம் சரிந்து இறங்குவது). ஐந்தாவது இடத்தில் எஞ்சின்: சி, ஏ, கே மூன்றும் 289 வி8-இன் வகைகள், டி (T) என்றால் ஆறு சிலிண்டர். எண்ணில் டி இருந்து பானெட்டைத் திறந்தால் வி8 உட்கார்ந்திருக்கிறதா, யாரோ பிறகு மாற்றியிருக்கிறார்கள். இது ரொம்பச் சகஜம். அதற்காகக் காரை விட்டுவிட வேண்டும் என்றில்லை, ஆனால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், சுங்கத்திலும் கேள்வி வரும் என்று எதிர்பாருங்கள். கதவில் இருக்கும் தகட்டை மட்டும் நம்பாதீர்கள், புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். எஞ்சின் அறையில் ஓட்டுநர் பக்க உள்மட்கார்டில் அடித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், இங்கே சோதனையிலும் அதைத்தான் தேடுவார்கள்.

துரு பற்றித் தனியாகவே ஒரு பதில் எழுதலாம். மிச்சிகன், ஒஹையோ, நியூயார்க் பக்கம் குளிர்காலத்தில் சாலையில் உப்பு கொட்டுவார்கள், அங்கே வாழ்ந்த காரை அடியில் பார்க்கவே பயமாக இருக்கும். அரிசோனா, கலிஃபோர்னியாவின் உள்பகுதி போன்ற காய்ந்த ஊர்க் கார் என்றால் சீட்டும் டாஷ்போர்டும் வெயிலில் வெடித்திருக்கும், ஆனால் இரும்பு நன்றாக இருக்கும். சீட்டை மாற்றிவிடலாம். இந்த மஸ்டாங்குக்கே உரிய வியாதி ஒன்று உண்டு: முன் கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே வரும் ஜாலிப் பகுதி உள்ளுக்குள் துருப்பிடித்து ஓட்டை விழும், வெளியே எதுவும் தெரியாது. தரை விரிப்பைத் தூக்கிவிட்டு அந்த ஜாலியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, காலடியில் ஈரம் வருகிறதா என்று வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விற்பவர் இதற்குச் சாக்குச் சொன்னால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

டைட்டில் என்பது நம்மூர் ஆர்.சி. புக் மாதிரி. அசல் வேண்டும், விற்பவர் பெயரில் இருக்க வேண்டும், வங்கிக் கடன் எழுதியிருக்கக் கூடாது. கப்பல் கிளம்பக் குறைந்தது 72 மணி நேரம் முன்பு அமெரிக்கச் சுங்கத்திடம் டைட்டிலைக் காட்டியாக வேண்டும், அதனால் "டைட்டில் அப்புறம் தபாலில் வரும்" என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள்.

கப்பலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கன்டெய்னரிலும் வரலாம், ஓட்டி ஏற்றி ஓட்டி இறக்கும் கார் கப்பலிலும் வரலாம். பழைய காருக்குக் கன்டெய்னர்தான் என் தேர்வு, ஏனென்றால் அதை முன்பின் தெரியாத பத்துப் பேர் ஸ்டார்ட் செய்ய வேண்டியதில்லை. கடல் காப்பீடு மட்டும் கட்டாயம் எடுங்கள். 2022-இல் ஃபெலிசிட்டி ஏஸ் என்ற கப்பல் சுமார் 4,000 கார்களோடு அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே எரிந்து மூழ்கியது நினைவிருக்கலாம். கார் போகாவிட்டாலும் ஆபத்து உண்டு: கப்பலைக் காப்பாற்ற ஆன செலவைச் சரக்கு வைத்திருக்கும் எல்லாரும் பங்கு போட்டுக் கட்ட வேண்டும் என்பது கடல் வாணிபத்தின் பழைய விதி. காப்பீடு இல்லையென்றால் உங்கள் கார் ஒரு கீறலும் இல்லாமல் பூட்டின கொட்டகையில் நிற்கும், நீங்கள் பணம் கட்டும்வரை. வந்து இறங்குவது பெரும்பாலும் பிரேமர்ஹாஃபன் அல்லது ராட்டர்டாம். ராட்டர்டாமிலேயே வரி கட்டினால் நெதர்லாந்தின் 9%, அங்கே கட்டாமல் சுங்க அனுமதியோடு ஜெர்மனி வரை கொண்டுவந்து இங்கே கட்டினால் 7%. அந்த இரண்டு சதவீதத்துக்காக அலைவதா என்பது உங்கள் விருப்பம். சுங்கம் முடிந்ததற்கான சான்றிதழை எந்த ஊரில் முடித்தாலும் கையோடு வாங்கிவிடுங்கள், அது இல்லாமல் பதிவு அலுவலகத்தில் வேலை நகராது.

துறைமுகத்திலிருந்து ஓட்டி வரலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். ஐந்து நாள் தற்காலிக பிளேட் இருக்கிறது, ஆனால் செல்லுபடியாகும் சோதனை இல்லாத காரை அதில் சோதனை மையத்துக்குத்தான் ஓட்டலாம், ஊர் சுற்ற முடியாது. டிரெய்லரில் ஏற்றுங்கள்.

இனி டியூஃப், டெக்ரா போன்ற சோதனை மையம், நம் பாஷையில் எஃப்.சி. காட்டுவது, ஆனால் முழுசாக. ஐரோப்பிய அனுமதிப் பத்திரம் இல்லாத கார் என்பதால் தனி வண்டியாக முழுச் சோதனை செய்து அறிக்கை எழுதுவார்கள், ஹெச் அறிக்கையையும் அதே கையோடு எழுதிவிடலாம். அமெரிக்க கார் பழக்கமுள்ள பொறியாளரைத் தேடிப் போங்கள், முன்னாலேயே போய்ப் பேசுங்கள், 66 மஸ்டாங்கின் எடை, நீளம், குதிரைத்திறன் அடங்கிய தரவுத்தாள் அவரிடமே இருக்கலாம். (அன்றைக்கு ஜெர்மனியில் இந்த காரை மஸ்டாங் என்று விற்க முடியவில்லை, அந்தப் பெயர் க்ரூப் நிறுவனத்திடம் இருந்தது, அதனால் டி-5 என்று விற்றார்கள். இங்கே பணியிலிருந்த அமெரிக்கப் படைவீரர்கள் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போன டி-5 ஏதாவது அங்கே விளம்பரத்தில் கண்ணில் பட்டால் எனக்கும் சொல்லுங்கள்.)

சோதனையில் தகராறு வருவது பெரும்பாலும் விளக்குகளில். அமெரிக்க ஹெட்லைட்டில் ஐரோப்பிய முத்திரை இருக்காது, ஒளி விழும் விதமும் வேறு. நல்லவேளையாக 66-இல் இருப்பது சாதாரண 7 அங்குல வட்ட விளக்கு, முத்திரையுள்ள ஹெச்4 விளக்கு அப்படியே பொருந்தும். பின்னால் இண்டிகேட்டர் சிவப்பு நிறம். 1970-க்கு முன் முதலில் சாலைக்கு வந்த வண்டிகளுக்கு இங்கேயும் சிவப்பு அனுமதி உண்டு, 1972 மஸ்டாங் என்றால் மஞ்சளாக மாற்ற வேண்டியிருக்கும். ஸ்பீடாமீட்டர் மைலில் இருக்கும், கிலோமீட்டர் குறிகளைச் சேர்க்கச் சொல்வார்கள். புகைச் சோதனை 1969 ஜூலைக்கு முன் பதிவான பெட்ரோல் கார்களுக்குக் கிடையாது. சீட் பெல்ட் 1970 ஏப்ரலுக்கு முந்தைய காரில் கட்டாயமில்லை, ஆனால் பெல்ட் இல்லாத காரில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையை ஏற்றவே கூடாது. குழந்தை இருக்கும் வீடு என்றால் பெல்ட் போட்டுவிடுங்கள், எப்படியும் போட வேண்டிய ஒன்றுதான்.

கடைசியாகப் பதிவு அலுவலகம். அசல் டைட்டில், விற்பனை ரசீது, சுங்கச் சான்றிதழ், இரண்டு அறிக்கைகள், காப்பீட்டு எண், அடையாள அட்டை, வரி பிடிக்க வங்கி அனுமதி. காப்பீட்டை முன்பே பேசி வையுங்கள்: பழைய கார்க் காப்பீடு மலிவுதான், ஆனால் தினசரி ஓட்ட வேறு கார் இருக்க வேண்டும் என்பார்கள், காரின் மதிப்பறிக்கையும் கேட்பார்கள். நம்பர் தேர்ந்தெடுக்கும்போது முடிந்தவரை குட்டியான நம்பராகக் கேளுங்கள். அமெரிக்க பிளேட்டின் இடம் சுமார் 305-க்கு 152 மி.மீ., ஜெர்மன் இரண்டு வரி பிளேட்டின் உயரமே 200 மி.மீ., நீளமான நம்பர் கிடைத்தால் அந்த அழகான பின்பக்கத்தில் ஒரு தகரப் பலகையை மாட்டிய மாதிரி இருக்கும்.

இவ்வளவும் படித்துவிட்டு இது நமக்கு வேண்டாம் என்று தோன்றினால், ஏற்கெனவே ஐரோப்பாவுக்கு வந்துவிட்ட மஸ்டாங்குகளைப் பாருங்கள். ஜெர்மனியிலேயே ஹெச் பிளேட்டோடு விற்பனைக்கு வருகின்றன, நெதர்லாந்திலும் ஸ்வீடனிலும் அமெரிக்க கார்ப் பைத்தியங்கள் ஏராளம். விலை கொஞ்சம் கூடத் தெரியும், ஆனால் கப்பல், வரி, விளக்கு, அறிக்கை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் பல நேரம் பெரிய வித்தியாசம் இருக்காது, முக்கியமாக காரை நேரில் போய்த் தொட்டுப் பார்க்கலாம். ஒன்று மட்டும், எல்லைக்கு அந்தப் பக்கம் சுவிட்சர்லாந்தில் நல்ல கார் கிடைக்கிறது என்று போகிறவர்கள் கவனிக்கவும்: அது ஒன்றியத்துக்கு வெளியே, அங்கே வாங்கினால் அரிசோனாவில் வாங்கியது போலவே சுங்கத்தில் நிற்க வேண்டும்.