தாத்தா சொத்து

கேள்வி: ஹங்கேரி என்ற பெயரிலேயே 'ஹன்' இருக்கிறது. நாங்கள் ஹன் (ஹூணர்) அரசன் அட்டிலாவின் வாரிசுகள் என்று அந்த நாட்டுக்காரர்கள் பலரே சொல்கிறார்கள். அப்புறம் எதற்கு அறிஞர்கள் மறுக்கிறார்கள்? பிள்ளைகளுக்கு அட்டிலா என்று பெயர் வைப்பது சும்மாவா?
– வாசகர், தேனி

பதில்: நீங்கள் பெரிய சாட்சியாக நிறுத்தும் அந்த 'ஹ' ஊரார் ஒட்டியது. ஹங்கேரியர்கள் தங்களை மாகியார் என்றுதான் சொல்கிறார்கள். ஜெர்மன்காரர்களுக்கு அந்த நாடு 'உங்கார்ன்'. அதில் 'ஹ' இல்லை. மூலம் 'ஒனோகுர்' என்ற துருக்கிய இனப்பெயர் என்பதே பொதுவான கருத்து. லத்தீனில் எழுதியவர்கள் ஹூணர் நினைப்பில் முன்னால் ஒரு 'ஹ' போட்டார்கள்.

அட்டிலா இறந்தது 453இல். அவருக்கு அடங்கிக் கிடந்த இனங்கள் அடுத்த ஆண்டே திரண்டு அவர் பிள்ளைகளை முறியடித்தன. ஆர்பாட் தலைமையில் மாகியார்கள் கார்பாத்திய மலை தாண்டி வந்ததோ 895 வாக்கில். நடுவே 440 ஆண்டுகள். அதில் பாதிக்கு மேல் அங்கே ஆண்டவர்கள் அவார்கள் என்ற வேறொரு கூட்டம்.

பிறகு யார் முடிச்சுப் போட்டது? 1200ஐ ஒட்டி, பெயர் தெரியாத ஓர் அரசவை எழுத்தர் ஆர்பாடை அட்டிலா வம்சத்தில் சேர்த்தார். 1280களில் கேசா ஊர் சைமன் என்ற மதகுரு அதை விரித்தார்: ஹுனோர், மாகோர் என்று இரண்டு அண்ணன் தம்பிகள், மான் துரத்திப் போனார்கள், ஒருவன் வழியில் ஹூணர், மற்றவன் வழியில் மாகியார். கதை அழகானதுதான். அதைவிட அழகு அதன் உபயோகம். அட்டிலா ஆண்ட மண் என்றால் ஆர்பாட் செய்தது படையெடுப்பு இல்லை; தாத்தா சொத்தைப் பேரன் வந்து எடுத்துக்கொண்டது! பட்டா நானூற்றுச் சொச்சம் வருஷம் சுலபமாக முன்தேதியிடப்பட்டது.

இதைக் கெடுத்தவர் ஒரு வானியல்காரர். ஷாய்னோவிச் என்ற பாதிரியார் 1769இல் வெள்ளி கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்க நார்வேயின் வடகோடிக்குப் போனார். அங்கே சாமி என்ற பூர்வகுடி மக்கள் பேசியதில் தன் வீட்டுப் பேச்சின் சாயல் தெரிந்தது. 1770இல் இரண்டும் ஒரே குடும்பம் என்று எழுதினார். ஊரில் கனவான்கள் கொதித்துப்போனார்கள். உலகை நடுங்கவைத்த அட்டிலா எங்கே, மீன் பிடிக்கிறவன் எங்கே? 'மீன் நாற்ற உறவு' என்றே அதற்குப் பட்டம் கட்டினார்கள். ஆனால் சொற்கள் கனவான்களுக்குக் கட்டுப்படவில்லை. மீனுக்கு ஹங்கேரியில் 'ஹல்', சாமி மொழிக்கு உறவான பின்லாந்து மொழியில் 'கலா'. ரத்தத்துக்கு இங்கே 'வேர்', அங்கே 'வெரி'. எல்லாவற்றிலும் நெருங்கிய சொந்தம் சைபீரியாவின் ஓப் நதிப்பக்கம் வாழும் மான்சி, கான்ட்டி மக்களின் மொழிகள். ஹூணர் பேச்சோடு ஒப்பிடலாம் என்றால், ஆட்பெயர்களைத் தவிர்த்து மிஞ்சியிருப்பது மூன்றே சொற்கள். அவையும் ஹூணச் சொற்கள்தானா என்பதே சந்தேகம்.

மொழி வேறு, ரத்தம் வேறு என்று நீங்கள் கேட்கலாம்; நியாயம். 2022இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, ஆர்பாட் காலத்துப் புதைகுழிகளில் கிடந்த பிரமுகர்களிடம் மான்சிகளுக்கு நெருங்கிய மூலத்தையும், அதோடு சர்மேஷியர் (பழைய புல்வெளி நாடோடிகள்), ஹூணர் வழிக் கலப்பையும் கண்டது. ஆக, ஹூணர் பங்கு சுத்தமாக இல்லை என்று அடித்துச் சொல்பவர்களும் அவசரக்காரர்கள்தான். ஆனால் புல்வெளியில் நூற்றாண்டுக் கணக்கில் கலந்து திரிந்தவர்களிடம் கொஞ்சம் கலப்பு இருப்பது ஒன்று, வாரிசுரிமை வேறொன்று. இன்றைய ஹங்கேரியர்களின் மரபணுவோ பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஐரோப்பியர்களைப் போலவே இருக்கிறது.

அட்டிலா என்ற பெயருக்கு வருகிறேன். 20ஆம் நூற்றாண்டின் பெரிய ஹங்கேரியக் கவிஞர் யோஜெஃப் அட்டிலா (நம் இனிஷியல் போல அங்கேயும் குடும்பப் பெயர்தான் முன்னால்). சிறுவயதில் அவரை வளர்க்க எடுத்துக்கொண்ட கிராமத்துக் குடும்பம், அட்டிலா என்று ஒரு பெயரே கிடையாது என்று சொல்லி 'பிஷ்டா' என்று கூப்பிட்டது. அட்டிலா என்று ஒரு ராஜா இருந்ததைப் பையன் மூன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில்தான் கண்டுபிடித்தான்.